மெலிய உதவும் ஊசிகள்: எதைத் தெரிவுசெய்வது? மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

“ஓசெம்பிக் நல்லதா, மவுஞ்சாரோ நல்லதா?” பாமசிக் கவுண்டரில் நிற்கிற எனக்கு இந்தக் கேள்வி இப்போது பழகிப்போய்விட்டது. கேட்பவரின் நிறை என்ன, சீனி வருத்தம் இருக்கிறதா, வேறு என்ன குளிசை எடுக்கிறார் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கத்தாரில் இருக்கிற மச்சான் சட்டை தொளதொளக்க மெலிந்து வந்தார் என்பது மச்சானின் உடம்புக் கதை. உங்கள் உடம்புக்கு அது சாட்சி இல்லை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகக் கூடுதலாக நிறை குறைக்கிற ஊசியைத் தேடி ஓட வேண்டாம். ஒன்றரை, இரண்டு வருடம் தடையில்லாமல் வாங்கக்கூடியதும், குளிர் கெடாமல் வீடு வந்து சேரக்கூடியதும், உங்கள் ஊரில் ஒரு வைத்தியர் கண்காணிக்கக்கூடியதுமான ஊசிதான் உங்களுக்கு நல்ல ஊசி. கீழே வருகிற படிகள் எல்லாம் இதை வைத்துத்தான்.

முதல் படி: ஊசி தேவையா என்று பாருங்கள்

உயரத்தை மீற்றரில் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். நிறையை அந்தத் தொகையால் பிரித்தால் வருவதுதான் பீ.எம்.ஐ. உயரம் 1.60 மீற்றர், நிறை 72 கிலோ என்றால் 72ஐ 2.56ஆல் பிரிக்க 28.1 வரும்.

இந்த ஊசிகளின் அனுமதிப் பத்திரங்களில் பொதுவாக உள்ள எல்லை 30. சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல், தூக்கத்தில் மூச்சடைப்பு போன்ற ஒன்று கூடவே இருந்தால் 27. ஆனால் நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு அதை விடக் குறைந்த நிறையிலேயே ஆபத்து தொடங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியர்களுக்கு 23ஐயும் 27.5ஐயும் கவனிக்க வேண்டிய புள்ளிகளாகச் சொன்னது. அதனால் இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் வயிற்றுக் கொழுப்பு கூட என்று அர்த்தம். அளக்கிற இடம் சாரன் கட்டுகிற இடம் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைப் பிடிக்க வேண்டும்.

கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, பீ.எம்.ஐ. 24, ஐந்து கிலோ குறைந்தால் சாறி நன்றாக நிற்கும் என்று வருபவர்களுக்கு இந்த ஊசி இல்லை. இதற்கு மேல் அவர்களிடம் நான் வாதாடுவதும் இல்லை.

இரண்டாம் படி: கிளினிக் கொப்பியை எடுத்து வையுங்கள்

பலரும் தாண்டிப் போகிற படி இதுதான். ஊசியைத் தெரிவுசெய்வதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முதலில் யாருக்கு இந்த வகை ஊசியே கூடாது என்று பார்ப்போம். தைரொயிட் சுரப்பியில் மெடுலரி என்ற வகைப் புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்திலோ வந்திருந்தால் கூடாது. மென்-2 என்கிற பரம்பரை நோய் இருந்தாலும் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் எடுக்கக்கூடாது. கணைய அழற்சி முன்பு வந்திருந்தால் வைத்தியர் மிகவும் யோசிப்பார், பெரும்பாலும் தரமாட்டார். இரைப்பை மிக மெதுவாகக் காலியாகும் வருத்தம் உள்ளவர்களுக்கும் சரிவராது.

நம் பக்கத்துப் பெண்கள் அதிகம் பயப்படுகிற ஒரு விஷயம்: “எனக்குத் தைரொயிட் இருக்கு, அப்ப ஊசி போட ஏலாதா?” தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பது தடையே இல்லை. மேலே சொன்ன புற்றுநோய் வேறு, இது வேறு. நிறை குறையும்போது தைரொக்சின் அளவை மாற்ற வேண்டி வரலாம், அவ்வளவுதான்.

இனி, சீனி வருத்தக்காரர். மெட்ஃபோமின் மட்டும் எடுப்பவர் என்றால் பெரிய சிக்கல் இல்லை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் கவனம். சாப்பாடு பாதியாகக் குறைந்த பிறகும் பழைய அளவிலேயே அந்த மருந்து உள்ளே போனால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி மயக்கம் போட்டுவிடும். ஊசி தொடங்குகிற அன்றே அந்த மருந்தின் அளவை வைத்தியர் திருத்திக் கொடுக்க வேண்டும். சிட்டாகிளிப்டின் எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். இந்த ஊசியோடு அதைச் சேர்ப்பதில் பலன் இல்லை, வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். கண்ணின் விழித்திரையில் சீனியால் பாதிப்பு இருந்தால், சீனி சட்டென்று குறையும்போது அது கொஞ்சக் காலம் மோசமாகக்கூடும். கண்ணைக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது.

சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவலாக உள்ளது. இந்த ஊசிகள் நேரடியாகச் சிறுநீரகத்தைக் கெடுப்பவை அல்ல. சத்தியும் வயிற்றோட்டமும் வந்து உடம்பில் தண்ணீர் வற்றினால்தான் சிறுநீரகம் அடிபடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வயலில் நிற்பவருக்கு இது வெறும் பேச்சில்லை. கிரியட்டினின் (சிறுநீரகத்துக்கு), எச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சீனியின் சராசரி), ஈரல், கொலஸ்ட்ரோல் பரிசோதனைகளை எடுத்து வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

யாரிடம் போவது? மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ, அம்பாறை பொது வைத்தியசாலையிலோ ஏற்கெனவே கிளினிக் போகிறவர் என்றால் அந்தப் பொது வைத்திய நிபுணரிடமே பேசுங்கள். ஊசியைத் தனியாரிடம் போட்டாலும் கிளினிக் கொப்பியில் அது எழுதப்பட வேண்டும். ஒரு வைத்தியருக்குத் தெரியாமல் இன்னொருவர் மருந்து கொடுப்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

மூன்றாம் படி: பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

கடையில் கேட்கிற பெயர்கள் பல. உள்ளே இருக்கிற மருந்து முக்கியமாக மூன்று.

லிராகுளுடைட்: தினமும் போடுவது. சீனிக்கான பெயர் விக்டோசா, நிறைக்கான பெயர் சக்செண்டா. 0.6 மி.கி.யில் தொடங்கி, கிழமைக்கு ஒரு படி ஏற்றி 3 மி.கி. வரை போகும்.

செமாகுளுடைட்: கிழமைக்கு ஒன்று. சீனிக்கு ஓசெம்பிக், நிறைக்கு வெகோவி. 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு கிழமைக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள். வெகோவியின் வழக்கமான முழு அளவு 2.4 மி.கி. ஓசெம்பிக் பேனா (பேனா வடிவில் மருந்து நிரப்பி வரும் ஊசி) ஒரு தடவைக்கு 2 மி.கி. வரைதான் தரும்.

டிர்செபடைட்: இதுவும் கிழமைக்கு ஒன்று. பெயர் மவுஞ்சாரோ. அமெரிக்காவில் நிறைக்காக விற்பதைச் செப்பவுண்ட் என்கிறார்கள். 2.5 மி.கி.யில் தொடங்கி 15 வரை.

மூன்றும் சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹோமோனின் வேலையைச் செய்பவை. இரைப்பை மெதுவாகக் காலியாகும், மூளைக்கு “போதும்” என்ற செய்தி சீக்கிரம் போகும். டிர்செபடைட் அதோடு ஜி.ஐ.பி. என்ற இன்னொரு ஹோமோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

அழகு நிலையங்களில் “கொழுப்புக் கரைக்கும் ஊசி”, “விற்றமின் மெலிவு ஊசி” என்று போடுவது இந்த வரிசையில் இல்லை. நாடிக்குக் கீழே உள்ள கொழுப்புக்குப் போடுகிற டியொக்சிகோலிக் அமில ஊசி அந்த இடத்துக்கு மட்டும்தான், உடம்பு நிறை அதனால் இறங்காது. எச்.சி.ஜி. ஊசிக்கு நிறை குறைக்கும் பலன் இல்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகமே சொல்லியிருக்கிறது. ரெட்டாட்ருடைட் என்று இணையத்தில் தூளாக விற்பது ஆய்வு நடக்கும்போதே களவாகச் சந்தைக்கு வந்த பெயர். அதைத் தொடவே வேண்டாம்.

நான்காம் படி: எண்களைப் பாருங்கள், உங்களுக்குப் பொருந்துகிற எண்ணை

நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. செமாகுளுடைட்டையும் லிராகுளுடைட்டையும் 68 கிழமை ஒப்பிட்டபோது முன்னதில் சராசரி 15.8 சதவீதமும் பின்னதில் 6.4 சதவீதமும் நிறை குறைந்தது. 2025இல் வெளியான ஆய்வில் 72 கிழமையில் டிர்செபடைட் 20.2, செமாகுளுடைட் 13.7.

இதைப் பார்த்ததும் “அப்ப மவுஞ்சாரோதான்” என்று எழும்பிவிட வேண்டாம். இந்த எண்கள் சீனி வருத்தம் இல்லாதவர்களுடையவை. சீனி உள்ளவர்களுக்கு நிறை குறைவாகத்தான் இறங்கும். அவர்களில் செய்த ஆய்வுகளில் செமாகுளுடைட் 2.4 மி.கி. 9.6 சதவீதமும், டிர்செபடைட் 15 மி.கி. 14.7 சதவீதமும் குறைத்தன. நம் பக்கத்தில் ஊசி கேட்டு வருபவர்களில் சீனி வருத்தக்காரர் நிறையப் பேர் என்பதால், யூடியூப் எண்ணை நம்பி வந்தவர் ஆறாம் மாதத்தில் சலித்துப்போகிறார். 80 கிலோ சீனி வருத்தக்காரர் ஒருவர் ஏழெட்டுக் கிலோ குறைந்து அதிலேயே நின்றால் அது தோல்வி இல்லை. அவரது பிரசரும் சீனியும் அதற்கே பதில் சொல்லும். சராசரி என்றால் சிலருக்குக் கூட, சிலருக்கு மிகக் குறைவு என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி ஆளுக்கு ஆள் என் கணிப்பு.

மாரடைப்போ பக்கவாதமோ முன்பு வந்தவருக்கு நான் செமாகுளுடைட் பக்கம்தான் சாய்வேன். 2023இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், சீனி இல்லாத, இதய நோய் உள்ள, நிறை கூடிய 17,604 பேரில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றை அது 20 சதவீதம் குறைத்தது. நிறை மிகக் கூடி, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவருக்கு டிர்செபடைட் பொருத்தம். அந்த மூச்சடைப்புக்கே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. சீனியும் நிறையும் இரண்டும் கைமீறிப் போனவருக்கும் அதுதான் வலுவானது.

லிராகுளுடைட் பழசு, பலன் குறைவு, தினமும் குத்த வேண்டும். ஆனாலும் அதைத் தூக்கி எறியமாட்டேன். அது உடம்பை விட்டு இரண்டு மூன்று நாளில் போய்விடும். செமாகுளுடைட் பாதியாகக் குறையவே ஒரு கிழமை, டிர்செபடைட்டுக்கு ஐந்து நாள். ஒத்துக்கொள்ளுமா என்று பயப்படுகிற ஆளுக்கு, குறிப்பாக வயது போனவர்களுக்கு, ஒத்துவராவிட்டால் உடனே நிறுத்தி மீளலாம் என்பது பெரிய ஆறுதல்.

பிள்ளை பெற யோசிக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள். செமாகுளுடைட்டைக் கருத்தரிக்கக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைக்கக்கூடியது. தொடங்கி நான்கு கிழமையும், ஒவ்வொரு தடவை அளவு கூட்டிய பிறகு நான்கு கிழமையும் வேறு பாதுகாப்பு வேண்டும். நிறை குறைந்தாலே கரு தங்கும் வாய்ப்பு கூடும். “இத்தனை வருசம் இல்லாதது இப்பவா” என்று அசட்டையாக இருந்துவிட வேண்டாம்.

ஐந்தாம் படி: முழு அளவின் செலவைக் கணக்குப் போடுங்கள்

நிறைக்காக என்றால் இது கைக்காசுதான். விளம்பரத்தில் வருகிற விலை பெரும்பாலும் தொடக்க அளவின் விலை. தொடக்க அளவு வயிற்றைப் பழக்குவதற்கு, நிறை குறைப்பதற்கு இல்லை.

சக்செண்டாவை எடுங்கள். ஒரு பேனாவில் 18 மி.கி. முதல் கிழமை 0.6 வீதம் போடும்போது ஒரு பேனா நீண்டு வரும். 3 மி.கி.க்குப் போனதும் ஒரு பேனா ஆறு நாள்தான், மாதத்துக்கு ஐந்து பேனா. வெகோவியில் 2.4 மி.கி.க்கு ஏறப் பதினாறு கிழமை ஆகும், டிர்செபடைட்டில் 15க்கு ஏற இருபது கிழமை. அந்த அளவின் மாத விலையைக் கேட்டு, ஒன்றரை வருடத்துக்கு என்று பதினெட்டால் பெருக்கி, அந்தத் தொகை வீட்டை உலுக்காமல் வருமா என்று பாருங்கள். எல்லாருக்கும் உச்ச அளவு தேவைப்படாது. நடு அளவிலேயே நன்றாகக் குறைந்தால் அங்கேயே நிற்கலாம். அதனால் நடு அளவுக்கும் உச்ச அளவுக்கும் இரண்டு கணக்குப் போடுங்கள்.

இந்தியாவில் செமாகுளுடைட்டின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு மலிவான பெயர்கள் வருவதும், திருச்சி போய் வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பதும் கூடத்தான் செய்யும். மலிவு நல்லதுதான். எங்கள் நாட்டில் அந்தப் பெயர் பதியப்பட்டதா என்பதைத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையின் பட்டியலில் பாமசிக்காரர் பார்த்துச் சொல்ல முடியும், கேளுங்கள்.

ஆறாம் படி: குளிரும் போலியும்

திறக்காத பேனா 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். திறந்த பிறகு வெளியே வைக்கலாம் என்று தாளில் இருக்கும், ஆனால் எல்லை 30 பாகை. மே, ஜூனில் மட்டக்களப்பு வீட்டுக்குள் 30 பாகைக்குக் கீழ் எங்கே இருக்கிறது? அதனால் நம் ஊரில் ஒரே விதி: திறந்த பிறகும் பிரிட்ஜில்தான். உறையும் தட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், திறந்து திறந்து மூடுகிற கதவிலும் வேண்டாம், நடுத் தட்டில் ஒரு சின்ன டப்பாவில் வையுங்கள்.

உறைந்தாலும் மருந்து போய்விடும். களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் துபாயில் இருந்து கொடுத்துவிட்ட மூன்று பேனா, மீன் கொண்டுபோகிற ரெஜிபோம் பெட்டியில், ஐஸ் கட்டிக்கு நடுவே. “ஐஸ்ஸில வச்சுத்தான் மகன் கொண்டுவந்த, பழுதாகியிருக்காதுதானே?” என்றார். பேனாக்களின் மேல் பனி பூத்திருந்தது. கீழே இருந்த ஒன்றின் கண்ணாடிக்குள் வெள்ளையாக ஊசி ஊசியாகப் படிகம் நின்றது. கையில் பிடித்துக்கொண்டிருக்கவே அது உருகி, பழையபடி தெளிந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிடம் கழித்து வந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. மற்ற இரண்டும் உறைந்தனவா என்று சொல்ல வழியே இல்லை, மூன்றையும் பாவிக்க வேண்டாம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பேனாவைத் துவாயில் சுற்றி, ஐஸ் படாமல் வைத்திருந்தால் போதும். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், கீழே போகிற பெட்டியில் வைத்தால் உறையக்கூடும். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் பார்சலாக அனுப்புவதை நான் ஊக்குவிப்பதில்லை. எத்தனை மணிக்குக் குளிர் போனது என்று யாருக்கும் தெரியாது.

போலி என்பது வெறும் ஏமாற்று இல்லை. 2023இல் ஒஸ்திரியாவில் போலி ஓசெம்பிக் என்று சந்தேகிக்கப்பட்ட ஊசி போட்டவர்கள் சீனி இறங்கி வைத்தியசாலையில் சேர்ந்தார்கள், உள்ளே இருந்தது இன்சுலினாக இருக்கலாம் என்றே அதிகாரிகள் எச்சரித்தார்கள். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாகுளுடைட் பற்றி எச்சரிக்கை விட்டது. வாங்கும்போது பெட்டியிலும் பேனாவிலும் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அசல் ஓசெம்பிக் பேனாவில் அளவைத் திருப்பும்போது அளவுகோல் வெளியே நீண்டு வராது. பற்றுச்சீட்டு தராத இடத்தில் வாங்காதீர்கள். வட்ஸ்அப்பில் படம் போட்டு விற்பவரிடம் எந்த விலைக்கும் வேண்டாம். ஒரு பேனாவை இரண்டு பேர் பகிர்வதும் கூடாது, முனை மாற்றினாலும் கூடாது.

ஏழாம் படி: தொடங்கும் மாதத்தைத் தெரிவுசெய்யுங்கள்

நோன்பு மாதத்தில் தொடங்காதீர்கள், அந்த மாதத்தில் அளவும் கூட்டாதீர்கள். ஓங்காளமும் சத்தியும் வருவது முதல் கிழமைகளிலும் அளவு கூட்டும்போதும்தான். பகலில் தண்ணீரில்லாமல் அதைத் தாங்குவது கஷ்டம். நோன்புக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கி ஒரு அளவில் நின்றவர், வைத்தியரோடு பேசிக்கொண்டு, நோன்பு திறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். கந்தசஷ்டி போல நாட்கணக்கில் விரதம் பிடிப்பவர்களுக்கும் இதே யோசனைதான்.

வயிறு, தொடை, மேற்கை மூன்றில் எங்கு வேண்டுமானாலும் போடலாம், இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். சாப்பாட்டில் இரண்டு விஷயம் மட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டால் சத்தி நிச்சயம், கொத்து ரொட்டியும் பிரியாணியும் முதல் மாதம் தள்ளியே இருக்கட்டும். அடுத்தது, பசி இல்லை என்று பிளேன்டீயும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். மீனுக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. சோற்றைக் குறைத்து மீன், முட்டை, பருப்பு, தயிர் என்று தட்டின் புரதத்தை முதலில் சாப்பிடுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும். கல்லடிப் பாலத்தில் நடப்பவர்கள் நடையோடு கொஞ்சம் பாரம் தூக்குகிற பயிற்சியும் சேர்த்தால் தசை மிஞ்சும்.

மேல்வயிற்றில் கடும் வலி வந்து, முதுகுக்குப் பரவி, விடாமல் இருந்தால் அது கணையமாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலியோடு காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பை. இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் 1990 அம்புலன்சுக்கு எடுத்து வைத்தியசாலைக்குப் போங்கள். ஏதாவது சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றால், இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். இரைப்பை காலியாகாமல் இருக்கக்கூடும்.

எட்டாம் படி: நிறுத்துவதையும் முதலிலேயே பேசுங்கள்

உங்களால் தாங்க முடிகிற ஆகக் கூடிய அளவுக்கு ஏறி மூன்று மாதம் ஆகியும் தொடக்க நிறையில் 5 சதவீதம்கூடக் குறையவில்லை என்றால், அதே ஊசியை இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தமில்லை. மாற்றுவதா விடுவதா என்று வைத்தியரோடு முடிவெடுங்கள். நன்றாகக் குறைந்தவர் நிறுத்தினால் நிறை திரும்பும். செமாகுளுடைட்டை நிறுத்தி ஒரு வருடம் பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. சீனி, பிரசர் குளிசைகளைக் குறைத்திருந்தால் அவற்றையும் மறுபடி கூட்ட வேண்டி வரும், ஆகவே சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

ஒரு ஊசி தவறினால் ஓசெம்பிக்குக்கு ஐந்து நாளுக்குள், மவுஞ்சாரோவுக்கு நான்கு நாளுக்குள் போடலாம். அதற்கு மேல் போனால் அதை விட்டு அடுத்த முறை நாளில் போடுங்கள், இரண்டைச் சேர்த்துப் போடக்கூடாது. காசு இல்லாமலோ மருந்து கிடைக்காமலோ சில கிழமை விட்டுப்போனால், பழைய கூடிய அளவிலேயே திரும்பத் தொடங்க வேண்டாம். வயிறு அதை மறந்திருக்கும். எத்தனை ஊசி தவறியது, கடைசியாக எந்த அளவு போட்டீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால், எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று வைத்தியர் சொல்லுவார்.